கத்தியின் வாயும் எஃகின் பதமும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற திங்கட் செயற்குழுவில் எழுந்த ஒரு சிறு வழக்கே இன்று எம்மை இம்மேடைக்கு அழைத்து வந்தது. தோட்ட வேலைக்கும் விறகு வேலைக்கும் செல்லும் நம்மவர்க்கும், விடுமுறை நாட்களில் மலையேறச் செல்லும் நம் இளைஞர் குழுவிற்கும், பொதுநிதியிலிருந்து கத்திகளும் அரிவாள்களும் மொத்தமாக வாங்கித் தருவதென முடிவாயிற்று. முடிவு செய்தல் எளிதாயிற்று, வாங்குதல் எளிதாகவில்லை. 'கண்ணாடிபோல் ஒளிரும் துருவேறாக் கத்தியே வேண்டும், விலையும் குறைவு' என்றனர் ஒரு சாரார். 'ஆசாரியார் பட்டறையிற் காய்ச்சி அடித்த கருநிற அரிவாளே வேண்டும்' என்றனர் மற்றொரு சாரார். கைப்பேசியில் விளம்பரத்தைக் காட்டினவரும் உளர். தம் பாட்டனார் வைத்துச் சென்ற கொடுவாளைத் துணியிற் சுற்றிக் கொணர்ந்தவரும் உளர். இரு சாராரும் விலையைச் சொன்னார்கள், நிறத்தைச் சொன்னார்கள், ஊரைச் சொன்னார்கள். அக்கத்தியின் எஃகு எத்தகையது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. இறுதியில், படித்து வந்து சொல்லும் பாரத்தைச் செயலாளர் எம்மேல் ஏற்றினார்.

இலக்கணம் கற்பிப்போன் இரும்பைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் நகைத்தல் கூடும். 'எஃகு' என்னும் சொல்லை ஆய்தத்திற்கு எடுத்துக்காட்டாக ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகின்றோம். அச்சொல்லிற்கு இவ்வளவு கடனேனும் எமக்கு உண்டன்றோ?

ஒன்றை முன்னரே சொல்லிவிடுதல் நலம். அரிவாள் என்ற அளவிலே பூசலை நினைப்பது செய்தித்தாள்கள் நமக்குத் தந்த பழக்கம். யாம் பேசப் புகுவது பாளை சீவுவதும் முள் வெட்டுவதும் விறகு பிளப்பதும் ஆகிய உழைப்பின் அரிவாளைப் பற்றியே. பிறிதொன்றைப் பற்றி அன்று.

கத்திக்கு வேண்டும் குணங்கள் பல எனினும் தலையாயவை இரண்டு. ஒன்று கடினம், அஃதாவது வாய் மழுங்காமலும் மடங்காமலும் நிற்கும் தன்மை. மற்றொன்று தாங்குதிறம், அடிபட்டவிடத்து விண்டு தெறிக்காமல் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்ளும் தன்மை. இவ்விரண்டும் ஒருங்கிருத்தல் அரிது. கண்ணாடிக்குக் கடினம் உண்டு, தாங்குதிறம் இல்லை. ஈயம் எத்தனை அடியையும் தாங்கும், ஆயின் நகத்தாற் கீறலாம். எஃகு ஒன்றே, மனிதன் மலிவாகப் பெறத்தக்க பொருள்களுள், இவ்விரண்டையும் வேண்டிய அளவிற் கலந்து தரவல்லது. அவ்வாறு தருங்காலும் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். வீட்டிற் காய்கறி நறுக்கும் கத்திக்குக் கடினம் மிகுதியாக இருக்கலாம். அது மெல்லிய பொருளையே எதிர்கொள்கின்றது. வெளிக்காட்டிற் புழங்கும் கத்தியோ கணுவையும் கல்லையும் எதிர்பாராது சந்திப்பது. ஆதலின் அதற்குத் தாங்குதிறமே முந்தி வேண்டற்பாலது. செயற்குழுவில் எழுந்த வழக்கிற் பாதி இவ்வேறுபாட்டை நினையாமையால் எழுந்ததே.

இனி இரும்பிற்கும் எஃகிற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். அஃது மிகச் சிறிய வேறுபாடு. இரும்பிற் கரைந்திருக்கும் கரியின் அளவே அது. இவ்வுண்மையை 1781ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் தார்பெர்ன் பெர்க்மன் என்பார் வெளிப்படுத்தினார். நூறு பங்கு இரும்பிற் கரி கால் பங்கிற்கும் குறைந்திருந்தால் அது மெல்லிரும்பு; ஆணி, கம்பி, சன்னற்சட்டம் ஆகியவை அதனாற் செய்யப்படுவன. அதனை எத்துணை முறை காய்ச்சி நீரிற் போட்டாலும் கத்திக்குரிய கடினம் வாராது. அரைப் பங்கு முதல் முக்காற் பங்கு வரை கரியிருந்தால் அரிவாளுக்கும் கோடரிக்கும் ஏற்றது. ஒரு பங்கை நெருங்கினால் நெடுநேரம் கூர் நிற்கும் கத்திக்கு ஏற்றது. இரண்டு பங்கைக் கடந்தால் அது வார்ப்பிரும்பு. சம்மட்டி அடியைத் தாங்காது, உடையும். நூற்றில் ஒரு பங்கு என்னும் அளவிற்குள்ளே அரிவாளும் ஆணியும் பிரிந்துவிடுகின்றன என்பது வியப்பன்றோ!

ஆயினும் கரி மட்டும் போதாது. ஒரே எஃகினின்று இருவர் இரண்டு அரிவாள் அடித்தால் ஒன்று பத்தாண்டு உழைக்கின்றது. மற்றொன்று பத்தாம் நாளிற் பல் விழுகின்றது. இவ்வேறுபாடு தோய்ச்சலில் உளது. தோய்ச்சல் என்பது காய்ச்சிய கத்தியை நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்திக் கடினமாக்கும் செயல். துவைச்சல் என்றும் ஊர்ப்புறத்தார் வழங்குவர்.

எஃகு ஏறத்தாழ 727 பாகை வெப்பத்தைக் கடக்குங்கால் அதன் அணுக்களின் அடுக்கு முறையே மாறத் தொடங்குகின்றது. மாறிய அடுக்கில் இடைவெளி அமைந்தவாறு வேறு. கரியணுக்கள் அதனுட் புகுந்து கரைகின்றன. மெல்ல ஆறவிட்டால் அக்கரி வெளிப்போந்து இரும்புடன் தனிச்சேர்க்கையாக அடுக்கடுக்காய்ப் படியும். அவ்வாறு ஆறிய எஃகு மெத்தென்றிருக்கும். திடீரெனக் குளிர்வித்தாலோ வெளியேற நேரமின்றிக் கரியணுக்கள் உள்ளேயே சிறைப்படுகின்றன. சிறைப்பட்ட கரி அடுக்கை நெருக்கி முறுக்குவதனால் எஃகு கண்ணாடிபோற் கடினமாகின்றது. இந்நிலைக்கு ஜெர்மானிய அறிஞர் மார்ட்டென்ஸ் என்பார் பெயரால் மார்ட்டென்சைட் என்று பெயரிட்டுளர்.

பெயர் பிற்காலத்தது, செயல் மிகப் பழையது. புறநானூற்றில் ஐயூர் மூலங்கிழார் பாடிய பாட்டொன்று உளது. கானப்பேரெயில் என்னும் கோட்டையை இழந்த வேங்கைமார்பன் என்னும் அரசன், உலையிற் காய்ந்து சிவந்த இரும்பு விழுங்கிய நீரை மீட்டாலும் மீட்கலாம், இக்கோட்டையை மீட்டல் இயலாது என்று வருந்தியதாக அப்பாட்டிற் கருத்து அமைந்துள்ளது. புலவர் உலைக்களத்தருகில் நின்று பார்த்தாலன்றி இவ்வுவமை பிறந்திராது. வகுப்பில் இப்பாட்டை நடத்துந்தோறும், பட்டறையைக் காணாத மாணாக்கர் இதனை வெறுஞ்சொல்லாகவே கேட்கின்றனர் என்பது எமக்குள்ள சிறு குறை.

தோய்த்த அளவில் நின்றுவிட்டால் கத்தி பயன்படாது. அது மிகக் கடினமுற்று, கல்லிற் பட்டால் ஓடுபோற் சிதறும். ஆதலின் அதனை மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டுதல் வேண்டும். வாட்டுங்கால், துலக்கிய எஃகின்மேல் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் ஓடும். 220 பாகை அளவில் வைக்கோலின் இளமஞ்சள். 255 பாகையிற் பழுப்பு. 280 பாகையிற் கத்தரிப்பூ நிறம். 300 பாகையை நெருங்க நீலம். மஞ்சளில் நிறுத்தினால் கடினம் மிகுதி. நீலத்தில் நிறுத்தினால் தாங்குதிறம் மிகுதி. சவரக்கத்தியை மஞ்சளிலும், ஓங்கி வெட்டும் கருவியைக் கத்தரிப்பூ நிறத்திலோ நீலத்திலோ நிறுத்துவர். கை பழகிய கொல்லர் இன்னும் ஒரு நுட்பம் செய்வர். அரிவாளின் வாயை மட்டும் நீரிற் தோய்த்தெடுத்து முதுகைச் சூட்டோடு விடுவர். முதுகிலுள்ள சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கி வருங்கால் நிறங்கள் ஓடுவதைப் பார்த்திருந்து, வேண்டிய நிறம் வாயை அடைந்தவுடன் முழுவதையும் நீரில் ஆழ்த்துவர். இதனால் வாய் கடினமாகவும் முதுகு மெத்தெனவும் அமைகின்றன. வெப்பமானி கிடையாது, அளவுகோல் கிடையாது, கண்ணொன்றே கருவி. நல்ல கொல்லர் பட்டறையை ஏன் இருளாக வைத்திருக்கின்றனர் என்பதும் இதனாலேயே விளங்கும். வெயிலிற் செந்நிறத்தின் அளவு கண்ணிற்குத் தெரியாது.

இந்நுட்பம் தவறினால் என் செய்யும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்லுவோம். எம் பள்ளி மாணவன் ஒருவனுடைய தந்தையார் சந்தையிற் புதிதாக வாங்கிய அரிவாளாற் கருவேல விறகு வெட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் வெட்டில் வாயினின்றும் ஓரங்குலத் துண்டொன்று பெயர்ந்து தெறித்து, அவருடைய இடப்புருவத்திற் பாய்ந்தது. அரையங்குலம் கீழே பாய்ந்திருப்பின் கண் போயிருக்கும். பின்னொரு நாள் அவ்வரிவாளை வாங்கி எமக்குப் பழக்கமான ஆசாரியார் ஒருவரிடம் காட்டினோம். அவர் உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "சீனிக்கட்டியை உடைத்தாற்போல மினுமினுப்பது தெரிகிறதா, ஐயா? மிகையாகக் காய்ச்சிவிட்டார்கள். காய்ச்சியதோடன்றி வாட்டவும் இல்லை" என்றார். நல்ல தோய்ச்சலுற்ற எஃகின் முறிவு சாம்பல் நிறமாய், பட்டுத்துணிபோல் நுண்ணியதாய் இருக்கும். அளவு கடந்து காய்ச்சினால் உள்ளிருக்கும் மணிகள் பருத்துவிடுகின்றன. பருத்த மணிகளின் எல்லைவழியே முறிவு எளிதில் ஓடுகின்றது. இதனைத் தவிர்க்க எளிய வழியொன்றை அவரே காட்டினார். உலைக்கருகில் ஒரு காந்தத்தைத் தொங்கவிட்டிருந்தார். எஃகு ஏறத்தாழ 770 பாகையிற் காந்தத்தாற் கவரப்படும் தன்மையை இழக்கின்றது. காந்தம் பற்றாத நிலையைச் சிறிது கடந்தவுடன் தோய்த்துவிட வேண்டும். அதற்கு மேற் காய்ச்சுதல் கத்திக்குக் கேடு.

எஃகைப் பற்றிப் பேசுங்கால் நம் நாட்டுப் பழைய உருக்கைச் சொல்லாது செல்லுதல் இயலாது. ஈரோட்டுக்கு அணித்தாய் நொய்யற் கரையிலுள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழ்வாய்வில் இரும்புருக்கிய உலைகள் வெளிப்பட்டுள. தென்னாற்காட்டைச் சார்ந்த மேல்சிறுவாளூர் என்னுமிடத்தில், உருக்கு செய்த மட்கலங்களின் சிதைவுகள் குவியலாய்க் கிடந்ததை ஆராய்ச்சியாளர் கண்டு எழுதியுளர். ஐரோப்பியர் இவ்வெஃகை 'ஊட்ஸ்' என வழங்கினர். கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகைக் குறிக்கும் 'உக்கு' என்னும் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். தமிழில் உருக்கு என்பதும் அக்குடும்பத்ததே.

அது செய்த முறையைப் பார்மின். சென்னை அரசாங்க ஊழியராய் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் கண்டு எழுதியது இது. இரும்பைச் சிறு துண்டுகளாக்கி மட்குகையில் இடுவர். அதன் எடையிற் பத்திலொரு பங்கு ஆவாரை விறகின் உலர்ந்த சிறு துண்டுகளைச் சேர்ப்பர். மேலே எருக்கிலை ஒன்றிரண்டை மூடி, களிமண்ணால் வாயை அடைப்பர். இவ்வாறான குகைகள் இருபதிற்கு மேற்பட்டவற்றை ஓர் உலையில் அடுக்கிக் கரியிட்டுத் துருத்தியால் இரண்டரை நாழிகையன்று, இரண்டரை மணி நேரம் ஊதுவர். ஆறியபின் குகையை உடைத்தால் உள்ளே வட்டுப்போல ஒரு கட்டி உருக்கு இருக்கும். ஆவாரையும் எருக்கும் கரியைத் தந்தன. அடைத்த வாய் காற்றைத் தடுத்தது. இரும்பு கரியை உண்டு உருகியது. ஐரோப்பாவில் எஃகைக் குகையில் உருக்கி வார்க்கும் முறையை ஷெபீல்டு நகரத்துப் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கண்டனர். நம் வேலியோரத்து எருக்கு அதற்குப் பன்னூற்றாண்டு முன்பே குகைக்குள் புகுந்துவிட்டது.

1795ஆம் ஆண்டில் ஜார்ஜ் பியர்சன் என்பார் இலண்டன் அரச கழகத்தில் இவ்வெஃகைப் பற்றிக் கட்டுரை படித்தனர். இலண்டனிற் கத்தி செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இதனை மிக உயர்வாக மதித்து, அறுவைக் கருவிகளும் பேனாக்கத்திகளும் இதனாற் செய்தனர். மின்னியலில் பெரும்புகழ் எய்திய மைக்கேல் பாரடே, அவருடன் கூடி 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனை ஆராய்ந்தனர். பாரடே ஒரு கொல்லர் மகன் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பாரசீகம் முதலிய மேற்கு நாடுகளுக்குச் சென்ற இவ்வெஃகு ஆங்கே நீர்வரி ஓடியதுபோன்ற கோலம் உடைய டமாஸ்கஸ் வாள்களாயிற்று. அக்கோலம் எவ்வாறு வந்தது என்பது நெடுங்காலம் புதிராய் இருந்தது. அமெரிக்க நாட்டுப் பேராசிரியர் வெர்ஹோவெனும் கொல்லர் பென்ட்ரேயும் கூடி ஆராய்ந்து, தாதுவில் மிகச் சிறிய அளவில் கலந்திருந்த வனேடியம் போன்ற உலோகங்களே அக்கோலத்திற்குக் காரணம் என 1998இல் விளக்கினர். ஒரு பேராசிரியரும் ஒரு கொல்லரும் ஒரே கட்டுரையிற் கையெழுத்திட்டது எமக்கு அக்கண்டுபிடிப்பினும் மகிழ்ச்சி தருவது.

இங்கே ஒரு பேதைமையைக் களைதல் வேண்டும். 'பண்டை உருக்கு உலகிற் சிறந்தது. ஆதலின் அதனால் அரிவாள் செய்தால் எல்லாவற்றையும் வெட்டும்' என நம்மிற் சிலர் மேடையில் முழங்குகின்றனர். அவ்வுருக்கிற் கரி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் உண்டு. அதனால் அதன் கூர் வியக்கத்தக்கது; அதனாலேயே அது அடிக்கவும் அரியது. ஐரோப்பியக் கொல்லர் தம் வழக்கப்படி வெண்சூட்டிற் காய்ச்சி அடித்தபோது அது பொடிந்து போயிற்று. இளஞ்செந்நிறத்தில் பொறுமையாக அடித்தால் மட்டுமே வசப்படும். பேனாக்கத்திக்கும் வாளுக்கும் அது அழகு. கருவேலங்கட்டையைப் பிளக்கும் அரிவாளுக்கு அத்துணைக் கரி வேண்டியதில்லை, மிகுதியே தீங்காகும். முன்னோர் பெருமையைப் பேசுவோர் முன்னோர் எதனை எதற்குப் பயன்படுத்தினர் என்பதனையும் பேசுதல் முறை.

நம் நாட்டார் வெளிக்காட்டுக் கத்தியிலும் பெயர் பெற்றிருந்தனர் என்பதற்குச் சேலமே சான்று. 'அருணாசலம், சேலம்' என ஆங்கில எழுத்தில் முத்திரை பொறித்த வேட்டைக்கத்திகளும் ஈட்டி முனைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய வேட்டைக்காரரிடையே விரும்பப்பட்டன. பழங்கத்தி சேர்ப்போர் இன்றும் அவற்றைத் தேடுகின்றனர். அதே சேலம் மாவட்டத்துக் கஞ்சமலைத் தாதுவை நம்பி ஹீத் பரங்கிப்பேட்டையில் 1830ஐ அடுத்து இரும்பாலை தொடங்கினார், அது நிலைக்கவில்லை. அவர் பின் இங்கிலாந்து சென்று, எஃகில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் உரிமை பெற்றார். ஷெபீல்டு எஃகு அதனாற் செழித்தது. ஹீத்தோ வழக்கு மன்றங்களில் பொருளிழந்து 1851இல் இறந்தார். கதை நம் பொருளுக்குப் புறம்பாகின்றது, மீள்வோம்.

துருவேறா எஃகைப் பற்றி இனிச் சொல்லுவோம், ஏனெனின் செயற்குழுவில் மிகுதியாகச் சூடேறியது இவ்விடத்திலே. ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி என்பார் 1913இல், துப்பாக்கிக் குழல் அரிக்கப்படுவதைத் தடுக்க வழி தேடுங்கால், நூற்றுக்கு ஏறத்தாழப் பதின்மூன்று பங்கு குரோமியம் சேர்ந்த எஃகு துருவேறாமை கண்டனர். குரோமியம் காற்றிலுள்ள உயிர்வளியுடன் கூடி, கண்ணிற்குப் புலனாகாத மெல்லிய போர்வையாய் மேலே படிகின்றது. கீறினாலும் தானே மூடிக்கொள்கின்றது. பத்தரைப் பங்கிற்குக் குறையாத குரோமியம் இருந்தாலன்றி இப்போர்வை நிலைக்காது. ஆயின் பிரியர்லி கண்ட எஃகிற் கரி கால் பங்களவே. அதனாற் செய்த முதற் கத்திகளை அந்நகரத்துக் கத்திக்காரர் 'வெட்டாத கத்தி' என ஏளனம் செய்தனர் என்பர். அவ்வேளனம் இன்றும் சந்தையில் உயிரோடிருக்கின்றது. விலை மலிந்த பளபளப்புக் கத்திகளிற் பல, கரி குறைந்த துருவேறா எஃகால் ஆனவை. பாத்திரம் செய்யும் தகட்டினை வெட்டிக் கூர்தீட்டியவையும் அவற்றுள் உண்டு. அவற்றைத் தோய்த்தாலும் கடினமேறாது. சாணை பிடித்த நாளில் முடியை அறுக்கும்; நான்கு நாளிற் கத்தரிக்காயை நசுக்கும்.

அதனால் துருவேறா எஃகெல்லாம் தீது என்பதன்று. கரி ஒரு பங்கும் குரோமியம் பதினேழு பங்கும் உள்ள 440 'சி' போன்றவை முறையாகத் தோய்த்தால் மிக நல்ல கத்தியாகும். ஆயினும் இவற்றில் குரோமியமும் கரியும் கூடிப் பருத்த மணிகளாய் நிற்பதனால், ஓங்கி வெட்டும் வேலையிற் பல் விழும் அச்சம் உண்டு. பட்டறை உலையில் இவற்றைத் தோய்த்தலும் அரிது. ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தை அளவாக வைத்துக் குறித்த நேரம் நிறுத்த வேண்டும். கண்ணளவு ஈண்டுப் பயன்படாது. கடற்கரையில் வலை வேலை செய்யும் நம்மவர் நிலை வேறு. உப்புநீரில் கரி எஃகு ஒரே இரவில் துருவேறும். அவர்க்குத் துருவேறாக் கத்தியே தகும். கரிக்கு ஈடாக நைட்ரஜனைச் சேர்த்துக் கடலுக்கென்றே செய்த எஃகும் இப்போது உண்டு, விலை மிகுதி.

மலையேறும் இளைஞர் கைப்பேசியிற் காட்டிய அயல்நாட்டுக் கத்திகளுட் சில, எஃகை உருக்கித் துளிகளாய்ச் சிதறடித்துப் பொடியாக்கி, அப்பொடியை அழுத்திக் கட்டியாக்கிய எஃகால் ஆனவை. மணிகள் பருக்காமல் வனேடியம் மிகுதியாய்ச் சேர்க்க இம்முறை இடந்தருகின்றது. கூர் நெடுநாள் நிற்கும் என்பது மெய்யே. மழுங்கியபின் என் செய்வது? வனேடியமும் கரியும் கூடிய மணிகள் நம் வீட்டுத் தீட்டுகல்லினும் கடினமானவை. வைரத்தூள் பதித்த கல் வேண்டும். காட்டிடை மழுங்கிய கத்தியை ஆற்றங்கரைக் கல்லிலே தீட்டிக்கொள்ளும் எளிமை கரி எஃகிற்கே உரியது. எம் அபிப்பிராயத்தில், புதிதாய்ப் பழகும் இளைஞர்க்கு முக்காற் பங்கு முதல் ஒரு பங்கு வரை கரியுள்ள வெற்றெஃகுக் கத்தியே ஏற்றது. அது தீட்டவும் கற்பிக்கும்.

இனி நம் ஊர் அரிவாள். திருப்பாச்சேத்தி முதலிய ஊர்களில் அடிக்கப்படும் அரிவாளின் புகழை யாம் சொல்ல வேண்டா. இக்காலத்துப் பட்டறைகளிற் பெரும்பாலும் லாரியின் வில்பட்டாக்களையே எஃகாகக் கொள்கின்றனர். 'பழைய இரும்பைத் தலையிற் கட்டுகின்றனர்' எனச் செயற்குழுவில் ஒருவர் சினந்தார். அச்சினம் வேண்டியதில்லை. வண்டியின் பாரத்தையும் குழியின் அதிர்ச்சியையும் ஆண்டுக்கணக்கில் தாங்குமாறு செய்த எஃகு அது. கரி 0.5 முதல் 0.6 பங்கு அளவில் இருக்கும். குரோமியமோ சிலிக்கனோ சிறிது கலந்திருக்கும். ஓங்கி வெட்டும் கருவிக்கு இதனினும் ஏற்றதைத் தேடிக் கொணர்தல் அரிது. ஒரே ஓர் அச்சம் உண்டு. நெடுநாள் வளைந்து நிமிர்ந்த பட்டாவில் கண்ணிற்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகள் இருக்கலாம். அடிக்கும்போதே அவ்வெடிப்பைக் கண்டு அத்துண்டை ஒதுக்குவோரே நேர்மையுள்ள கொல்லர். கட்டிட வேலையில் எஞ்சிய கம்பியைத் தட்டி அரிவாளென விற்போரும் இல்லாமல் இல்லை.

வாங்குமுன் அறிதற்கு வழியென்ன என்பீர். மூன்று சொல்லுவோம். ஓர் அரத்தை எடுத்துக் கத்தியின் வாயருகில் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். அரம் வழுக்கிச் சென்றால் வாய் தோய்ச்சலுற்றது. மெழுகைப்போல் அராவினால் அது மெல்லிரும்பு. சாணைச் சக்கரத்தில் பொறியைப் பார்ப்பது இரண்டாவது. கரி மிகுந்த எஃகின் பொறி நுனியிற் கிளைத்துப் பூவாணம்போல் வெடிக்கும். மெல்லிரும்பின் பொறி நீண்ட கோடாய் ஓடிக் கிளையின்றி அணையும். மூன்றாவது எமக்கு மிக விருப்பமானது. பித்தளைக் கோல் ஒன்றின்மேல் கத்தியின் வாயைச் சாய்த்துச் சிறிது அழுத்துமின். வாய் நெளிந்து உடனே நிமிர்ந்தால் பதம் சரி. நெளிந்தபடி நின்றால் மெத்தனம். பல் பெயர்ந்தால் வாட்டல் போதாது. நூறு கத்தி வாங்குமுன் ஐந்தினை மாதிரியாகப் பெற்று இச்சோதனை மூன்றையும் செய்வதென்றும், விற்போர் அதற்கு உடன்படாவிடின் வேறிடம் பார்ப்பதென்றும் செயற்குழு தீர்மானித்தல் வேண்டும் என வேண்டுகின்றோம். தோட்டக்காரர்க்கு வில்பட்டா அரிவாள், கடல்வேலையினர்க்குத் துருவேறாக் கத்தி, இளைஞர்க்குக் கரி எஃகுக் கத்தி என மூவகையாகவே வாங்குக. எல்லார்க்கும் ஒன்றெனல் சிக்கனம்போற் தோன்றும். பின்னர் இருமுறை வாங்க நேரிடும்.

நல்ல எஃகையும் கெடுக்கும் பழக்கங்கள் நம் வீடுகளில் உள. தாய்மார்கள் பொறுத்தருள்க, ஆடவர்க்கும் சேர்த்தே சொல்லுகின்றோம். மின்சாணையில் அழுத்திப் பிடித்துத் தீட்டுங்கால் வாய் நீலம் பூத்தால், அவ்விடத்துத் தோய்ச்சல் போயிற்று என்று பொருள். அடிக்கடி நீரில் நனைத்துத் தீட்ட வேண்டும். மாங்காயும் புளியும் அறுத்த கத்தியைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும். பிடி கழன்ற அரிவாளின் காம்பைச் சிவக்கக் காய்ச்சிப் புதுக்கட்டையில் இறக்குவோர், வாய்ப்பகுதியில் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொள்ளல் வேண்டும்; சூடு வாய்க்கு ஏறினால் ஆசாரியாரின் அரைநாள் உழைப்பு அங்கேயே அழியும். முறிந்த பழம்பிடியை எடுக்க அரிவாளை முழுதாய் அடுப்பில் எறிபவரும் உண்டு. அவ்வாறு வெந்த அரிவாளைச் சாணைக்காரரிடம் கொடுத்துப் பயனில்லை. பட்டறைக்கே எடுத்துச் சென்று மீண்டும் காய்ச்சித் தோய்த்து வாட்டி வாங்க வேண்டும்.